பிட்டுக்குள் இருந்த பற்றரி

கனகம்மாவின் வாய் ஓயாது. திருகோணமலை இறங்குதுறையடியில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவளுக்கு வாய் ஓய்ந்தால் பிழைப்பும் ஓய்ந்துவிடும் என்பது ஒரு பக்கம். மற்றப் பக்கம், அந்த வாய்தான் அவளை உயிரோடு வைத்திருந்தது. இதைப் பகிடிக்குச் சொல்லவில்லை.

தொண்ணூற்றேழாம் ஆண்டு ஆவணியில், சண்டை ஒரு பக்கம் தன்பாட்டில் நடந்துகொண்டிருக்க, முனகல் வருத்தம் என்றொரு நோய் வந்தது. முதலில் வந்தது மனிதருக்கல்ல, சாமான்களுக்கு. றேடியோ, ரெலிபோன், லொறி, சுவர் மணிக்கூடு என்று மின்சாரமோ பற்றரியோ உள்ளதெல்லாம் ஒவ்வொன்றாக முனகத் தொடங்கின. வயிற்றுக்குத்துக்காரர் போர்வைக்குள் கிடந்து முனகுகிற மாதிரி ஒரு மெல்லிய சத்தம். அதை ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் காது கொடுத்துக் கேட்டவர் அப்படியே இருந்துவிடுவார். கண் திறந்திருக்கும், கூப்பிட்டால் பேச்சு இருக்காது, மூன்றாம் நாள் மூச்சும் நின்றுவிடும். வானத்தால் வந்தது என்றார்கள் சிலர், கடலடிக் கம்பியால் வந்தது என்றார்கள் சிலர். கொழும்பிலிருந்து ஒரு தகவலும் இல்லை. வெளியிலிருந்து ஒரு கப்பலும் இல்லை.

முதலில் போனவை செய்தி கேட்கிற வீடுகள். சண்டைக் காலத்தில் செய்தி நேரம் என்றால் எங்கள் வீடுகளில் ஈ பறக்கக் கூடாது. குழந்தையின் வாயைப் பொத்தி, குசினியில் அகப்பையை நிறுத்தி, றேடியோவைச் சுற்றிக் குந்தியிருந்து கேட்பார்கள். அந்த அமைதிக்குள் முனகல் வசதியாகப் புகுந்துகொண்டது. காதில் வயர்லெஸ் வைத்திருந்த இரண்டு பக்கத்துச் சண்டைக்காரரும் அப்படியே போனார்கள். மிச்சம் இருந்தவர்கள் துவக்கை மூலையில் சாத்திவிட்டுச் சோறு தேடப் போனார்கள். எத்தனை பேர் கூடிப் பேசியும் நிற்காத சண்டை, கேட்பாரில்லாமல் நின்றுபோனது.

தப்பினவர்கள் யாரென்று பார்த்தால் சத்தக்காரர்கள். முனகலுக்கு மேலால் வேறு சத்தம் கேட்டால் அது பிடிக்காது. மீன் சந்தையில் நின்றவர்கள் தப்பினார்கள், சண்டை பிடித்துக்கொண்டிருந்த புருஷன் பெண்சாதிகள் தப்பினார்கள். கனகம்மாவின் புருஷன் யோகலிங்கம் சாந்தமான மனிதர். அன்று பின்னேரம் அவர் உள்ளே செய்தி கேட்டுக்கொண்டிருக்க, இவள் வாசலில் ஒரு பாரை மீனுக்காக மீன்காரனோடு தொண்டை கிழியக் கத்திக்கொண்டு நின்றாள். மீனை வென்றுகொண்டு உள்ளே வந்தபோது அவர் இருந்துவிட்டார். அந்த மீனை அவள் சமைக்கவில்லை. பாரை மீனை இன்றுவரை கடைக்குள் எடுப்பதுமில்லை.

அதற்குப் பிறகு ஊர் சத்தமாக வாழப் பழகியது. தெருவில் போகிறவர் பாடிக்கொண்டு போனார். ஆமி, இயக்கம், கோயில், பள்ளிவாசல் எல்லாவற்றிலும் மிஞ்சின சனம் சேர்ந்து ஒரு கமிற்றி போட்டு, வீடு வீடாகப் பற்றரி பொறுக்கித் துறைமுகத்தின் ஆழத்தில் கொட்டியது. நோய்ப் பற்றரியைக் கையில் எடுத்தால் சுடும் என்பது மட்டும் தெரிந்திருந்தது. சும்மா கிடந்தால் அது ஒன்றும் செய்யாது. எதிலாவது போட்டு முடுக்கினால்தான் முனகும்.

கமிற்றி வந்தபோது கனகம்மா மூன்று பற்றரியை ஒளித்துவிட்டாள்.

அவளைத் திட்டுவதற்கு முன் இதையும் கேளுங்கள். அவளுக்கென்று மிஞ்சியது தங்கை இராசமலர் ஒருத்திதான். இராசமலர் வாழ்க்கைப்பட்டுப் போன இலங்கைத்துறை, குடாக் கடலுக்கு அந்தப் பக்கம். அங்கே பற்றரி கொண்டுபோக ஏழு வருஷமாகத் தடை. தடை என்றால் கனகம்மாவின் கை சும்மா கிடக்குமா? அரிசிமாவும் தேங்காய்ப்பூவும் போட்டுக் குழல்பிட்டு அவிப்பாள். அரைவாசிப் பிட்டைத் தள்ளி, நடுவில் ஒரு டோச் பற்றரியைச் செருகி, மற்ற அரைவாசியால் மூடி அழுத்துவாள். பிட்டும் உருளை, பற்றரியும் உருளை. கட்டைபறிச்சான் சோதனைச் சாவடியில் அரிசிமூட்டையைக் கம்பியால் குத்துவார்கள், சோப்பை வெட்டிப் பார்ப்பார்கள். பிட்டை ஒருவரும் உடைக்கவில்லை. போன வருஷம் ஒரு டோச் லைற்றைக் கழற்றித் துண்டு துண்டாக அனுப்பியும் முடித்தாள். பற்றரி கேட்டு யார் வந்தாலும் ஒளிப்பது அவளுக்கு மூக்கைச் சொறிவது போல ஆகிவிட்டது. அதோடு அந்த மூன்றும் கடைக்கடுதாசி பிரிக்காத புதுச் சாமான். ஒரு றேடியோவின் முகமும் பார்க்காத பற்றரிக்கு எங்கிருந்து நோய் வரும் என்று அவள் நினைத்தாள். மா கொட்டி வைக்கிற தகரப் பேணியின் அடியில், துணியில் சுற்றி வைத்தாள்.

மாசி மாதம் இராசமலருக்குப் பெண்பிள்ளை பிறந்ததாகச் சேதி வந்தது. கனகம்மா துறைமுகம் முழுக்கக் கேட்கக் குரவையிட்டாள். புறப்பட்டுப் போயிருக்கலாம். பாதை திறந்து ஆறு மாதம். ஆனால் கடையை யார் பார்ப்பது, கடல் கொந்தளிப்பாமே, அடுத்த கிழமை பார்ப்போம் என்று அவளுக்கு எப்போதும் ஏதாவது இருந்தது. பிள்ளை பெற்றவள் இருட்டில் எழும்பித் தடுமாறுவாளே என்று மட்டும் மனம் கிடந்து அடித்தது. மறுநாள் விடிய மாவை வறுத்து, அரித்து, சுடச்சுடப் பேணியில் கொட்டினாள். அடியில் கையை விட்டு இரண்டு பற்றரியை எடுத்தாள். சூடாகத்தான் இருந்தன. வறுத்த மாவுக்குள் கிடந்தால் சூடாகத்தானே இருக்கும்? ஆவி பறக்கிற பிட்டுக்குள் வைத்து, வாழையிலையில் கட்டி, தபாலும் பொதியும் சைக்கிளில் காவுகிற தம்பிராசாவிடம் கொடுத்துவிட்டாள். அவர் பாட்டுப் பாடிக்கொண்டு விடியற்காலைப் படகில் மூதூருக்குப் போய்விட்டார்.

உச்சிக்குக் கொஞ்சம் முன், இடியப்பத்துக்கு மா எடுக்கப் பேணிக்குள் கையை விட்டாள். மா ஆறிக் குளிர்ந்து கிடந்தது. விரல் அடியில் போய்த் துணியில் பட்டது. மூன்றாவது பற்றரி காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரிச் சுட்டது.

கனகம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு இரண்டும் சேர்ந்து ஓடின. பற்றரியைத் துறைமுகத்துக்குள் வீசினாள். கடை திறந்தபடி கிடக்க, இறங்குதுறைக்குப் பாய்ந்தாள்.

அங்கே நஜ்முன் நிஸா தன் பாய்ப்படகில் காலை நீட்டிக்கொண்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். முந்தி மூதூர் லோஞ்சுப் படகுக்கு ரிக்கெற் கிழித்தவள். எஞ்சின்கள் செத்தபிறகு பாய் கட்டப் பழகினாள். அரைகுறையாகத்தான் பழகினாள் என்று அவளோடு போய் நனைந்தவர்கள் சொல்வார்கள்.

“நிஸா, எடு வள்ளத்த! மூதூருக்கு!”

“என்னகா இது, தலை விரிச்சுக்கொண்டு? ஆக்கள் சேரட்டும். ஆறு பேராவது ஏறினாத்தான் வள்ளம் ஆடாது.”

“தங்கச்சிக்குப் பற்றரி அனுப்பிப்போட்டன். நோய்ப் பற்றரி. பொழுதுபட்டா அவள் டோச்சில போடுவாள். புள்ளை பிறந்து பத்து நாளும் ஆகேல்லை, நிஸா!”

நிஸா வெற்றிலையைத் துப்பினாள். “கமிற்றிக்கு ஒளிச்சனீங்களா?”

“ஓம்.”

“மடச்சி அக்கா,” என்று சொல்லிக்கொண்டே கயிற்றை அவிழ்த்தாள். “ஏறுங்க.”

வாடைக்காற்று நல்ல பிடியாகப் பிடித்தது. நிஸா பாயை இழுக்கச் சொன்னால் கனகம்மா விட்டாள், விடச் சொன்னால் இழுத்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டே குடாவைக் கடந்தார்கள். இலங்கைத்துறையில் மட்டும் ஒரு ஆளுக்கும் இந்த வருத்தம் வரவில்லை என்பது கனகம்மாவின் நெஞ்சைப் பிறாண்டியது. தடை ஒரு பக்கம், இவள் ஒளித்து அனுப்பினவையும் வருத்தத்துக்கு முன்னமே தீர்ந்துபோக, பற்றரியே இல்லாத ஊர். முனகல் எப்படி இருக்கும் என்றுகூட அங்கே தெரியாது, கேட்டால் சத்தம் போட வேண்டும் என்பதும் தெரியாது. உலகத்தில் மிச்சமாக நல்லாயிருந்த ஒரு மூலைக்குத் தானே தேடி, பொதி கட்டி, நோயை அனுப்பியிருக்கிறாள். அழுகை வந்தது. அழுதாள். நிஸா ஒரு கையால் சுக்கானைப் பிடித்தபடி மற்றக் கையால் அவள் முதுகில் தட்டினாள். அந்த நேரம் பார்த்து ஒரு அலை வந்து இரண்டு பேரையும் குளிப்பாட்டியது.

மூதூரில் ஒரு சைக்கிள் இரவல் வாங்கினார்கள். நிஸா வள்ளத்தோடு கரையில் நின்றுகொண்டாள். கனகம்மாவுக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது என்பது ஏறின பிறகுதான் ஞாபகம் வந்தது. இரண்டு தரம் வேலிக்குள் போய் எழும்பி, சைக்கிளை அங்கேயே சாத்திவிட்டு, மிச்சத்தை ஓடியே கட்டைபறிச்சான் சாவடிக்கு வந்து சேர்ந்தாள்.

சாவடி இப்போது கமிற்றியின் சாவடி. பற்றரி மட்டும்தான் தேடுவார்கள். மர வாங்கில் குந்தியிருந்தவன் ஜயவீர என்ற பழைய சிப்பாய். ஏழு வருஷம் இதே சாவடியில் நின்றவன், ஊருக்குப் போக லொறி இல்லாததால் இப்போதும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டவன். பாதை பூட்டிக் கிடந்த காலத்தில் இதுவரை வந்து, இந்த மனிதனின் முன்னால் எத்தனை தரம் பல்லைக் காட்டிப் பொதியை நீட்டியிருப்பாள், எத்தனை தரம் ஆள் அனுப்பி ஏமாற்றியிருப்பாள் என்று நினைக்கவே அவளுக்குக் கூசியது. ஆனாலும் கத்தினாள்.

“மாத்தையா! காலமை போன என்ர பிட்டுக்குள்ள பற்றரி கிடந்தது! ரெண்டு!”

ஜயவீர அமைதியாகத் தலையாட்டினான். “தெரியும் அம்மா.”

“என்ன தெரியும்?”

“எப்பவும் தெரியும். பிட்டு அவ்வளவு பாரம் இல்ல தானே? ஏழு வருஷம் நான் கையில தூக்கிப் பாத்தது. அம்மா தங்கச்சிக்கு அனுப்புற, அனுப்பட்டும் எண்டு விட்டது. எங்கட அம்மாவும் இப்பிடித்தான், எனக்கு அனுப்புறதில ஏதாவது ஒளிக்கிற.”

“இண்டைக்கு?”

“இண்டைக்கும் பாரம். கனகம்மா பிட்டு, பழைய ஆள், நல்ல பற்றரியாத்தான் இருக்கும் எண்டு…” சொல்லி முடிக்க முன்னமே அவன் முகம் வெளுத்தது. “சுடுதா?”

“மிஞ்சினது சுட்டது.”

தன் கெட்டித்தனம் இவனை ஏழு வருஷமாக வென்றது என்று கனகம்மா எத்தனை பேருக்குப் பெருமை அடித்திருப்பாள்! வென்றது கெட்டித்தனமல்ல, அவனுடைய நல்ல மனது. அந்த நல்ல மனதும் இன்றைக்கென்று சேர்ந்து சதி செய்துவிட்டது. வெட்கப்படக்கூட நேரமில்லை. ஜயவீர தன் சைக்கிளைத் தூக்கி நிறுத்தினான்.

“பின்னுக்கு ஏறுங்க. இருட்டுறதுக்கு மூணு மணித்தியாலம் இருக்கு.”

ஆமிக்காரனின் சைக்கிள் கரியரில் கனகம்மா சேலையை வரிந்துகொண்டு போன காட்சியைப் பார்த்தவர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். தூரத்தில் எந்தச் சைக்கிள் தெரிந்தாலும் “தம்பிராசா!” என்று கூவினாள். ஒன்றும் தம்பிராசா இல்லை. அவர் பொதியைக் கொடுத்துவிட்டு எந்த வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாரோ.

பாதி வழியில், கைவிட்ட முகாம் ஒன்று பாதையை ஒட்டி இருந்தது. உள்ளே எங்கேயோ ஒரு கவச வாகனம் ஆறு மாதமாக முனகிக்கொண்டு கிடந்தது. கிட்டப் போகவும் ஏலாது, நிறுத்தவும் ஏலாது. கடக்கிறவர்கள் காது நிறையக் கத்திக்கொண்டு கடப்பார்கள். கால் மைல் தூரம். மணல் பாதை, சைக்கிள் நகரமாட்டேன் என்றது.

“கத்துங்க அம்மா!”

ஜயவீர சிங்களத்தில் ஏதோ கல்யாணப் பாட்டை எடுத்துவிட்டான். கனகம்மாவுக்குப் பாட்டு ஒன்றும் வரவில்லை. கடையில் தினமும் கூவுகிறதைக் கூவினாள். “இடியப்பம்! சொதி! பிட்டு! சூடை மீன் பொரியல்! கீரி மீன் தீயல்! வாங்கோ வாங்கோ!” சங்கிலி கழன்றது. ஜயவீர பாடிக்கொண்டே குனிந்து மாட்டினான். அவன் பாட்டு மெல்ல மெல்லத் தேய்ந்தது. அவன் கை சங்கிலியில் நின்றுவிட்டது. அவள் அவன் காதுக்குள் குனிந்து, உள்ள மூச்சையெல்லாம் கூட்டி, “கீரி மீன் தீயல்!” என்று அலறினாள். ஜயவீர துள்ளி எழும்பினான். அவன் சைக்கிளைத் தள்ள, அவள் அவன் முதுகைத் தள்ள, அந்தக் கால் மைலைக் கடந்தார்கள்.

கடந்தபிறகு நன்றி சொல்ல வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது. குரல் சுத்தமாக அடைத்துப் போயிருந்தது.

இலங்கைத்துறை மதகடிக்கு வரும்போது சூரியன் பனைகளுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. ஜயவீர சைக்கிளை நிறுத்தினான். “இந்த உடுப்போட நான் உள்ள வந்தா சனம் பயந்து ஓடும். நீங்க ஓடுங்க.”

ஓடினாள். ஐம்பது வயதுக்காரி அப்படி ஓடி யாரும் கண்டதில்லை. வழியில் கண்ட பெண்ணிடம் வீடு எது என்று வாயசைத்துக் கேட்டாள். தங்கையின் வீட்டை அவள் முன்பின் பார்த்ததில்லை. அந்தப் பெண் கையைக் காட்டிவிட்டு, “பாவம், ஊமைபோல,” என்றாள். கனகம்மாவின் வாழ்க்கையில் ஒருவரும் சொல்லாத சொல் அது.

வீட்டுக்குள் கூரை வளையில் டோச் லைற் கட்டித் தொங்கியது. எரிந்தது. மங்கல் மஞ்சளாக எரிந்து, முனகியது.

கீழே பாயில் இராசமலர், மார்பில் பிள்ளை. பகல் முழுக்க அழுது தீர்த்த பிள்ளை அப்போதுதான் சூப்பியபடியே கண் சொருகிக்கொண்டிருந்தது. வேறு ஒருவருமில்லை, வீடு அமைதி. இராசமலர் வாசலில் நின்ற உருவத்தைப் பார்த்தாள். “ஷ்ஷ்,” என்று உதட்டில் விரலை வைத்தாள். “இப்பதான்…” என்றாள். மிச்சச் சொல் வரவில்லை. விரல் உதட்டிலேயே நின்றது. கண் திறந்தபடி அசையாமல் நிலைக்கத் தொடங்கியது.

கனகம்மா கத்தினாள். சத்தம் இல்லை. கையைத் தட்டினாள். மணலும் வேர்வையும் பிசுபிசுத்த கை, ஒரு ஒலியும் எழவில்லை. டோச் எட்டாத உயரம், ஏறிக் கழற்ற நேரமில்லை. முனகல் அவள் காதுக்குள்ளும் மெத்தென்று இறங்கியது. இருந்தால் என்ன, கொஞ்சம் இருந்தால் என்ன என்று முழங்கால் சொன்னது. யோகலிங்கமும் இப்படித்தான் இருந்திருப்பார்.

அவள் குனிந்து, பத்து நாளும் ஆகாத பிள்ளையின் கொழுத்த தொடையைப் பிடித்து, நன்றாகக் கிள்ளினாள்.

பிள்ளை ஒரு கணம் நம்ப முடியாமல் அவளைப் பார்த்தது. பிறகு வீறிட்டது. அது அழுகையல்ல, முறைப்பாடு. நாலு வீடு தள்ளி நாய் குலைத்தது. இராசமலரின் கண் ஒருமுறை இமைத்தது, இன்னொருமுறை இமைத்தது. கனகம்மா உரலை உருட்டி, ஏறி, டோச்சைப் பிடுங்கி, மூடியைத் திருகி இரண்டு பற்றரியையும் முற்றத்து மணலில் கொட்டினாள். விரல் வெந்தது. முனகல் நின்றது. பிள்ளை நிறுத்தவில்லை.

“அக்கா?” இராசமலர் நித்திரையால் எழும்பினவள் மாதிரிப் பார்த்தாள். பிறகு பிள்ளையின் தொடையில் சிவந்த அடையாளத்தைக் கண்டாள். “கிள்ளினனீங்களோ? இவ்வளவு தூரம் வந்து என்ர பிள்ளையைக் கிள்ளவோ வந்தனீங்கள்?”

கனகம்மா அந்த இடத்திலேயே குந்தி, கரகரத்த காற்றுக் குரலில், அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வர, முழுவதையும் சொன்னாள். ஒளித்ததை, மாச்சூட்டை, பிட்டை, ஜயவீரவை. “உன்னைக் கொல்லப் பாத்திட்டன், மலர். என்ர கையால கட்டி அனுப்பினனான்.”

இராசமலர் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டினாள். ஏசுவாள் என்று கனகம்மா காத்திருந்தாள். ஏசினால் நல்லாயிருக்கும் போல இருந்தது.

“நான் எப்பவாவது பற்றரி கேட்டனானோ அக்கா?”

கனகம்மா யோசித்தாள். எல்லாக் கடிதத்தையும் யோசித்தாள்.

“ஏழு வருஷமா ஒருக்கா வாங்கோ, ஒருக்கா வாங்கோ எண்டுதானே எழுதினனான். பற்றரி வந்துது. சோப் வந்துது. டோச் லைற் துண்டு துண்டா வந்துது. ஒவ்வொரு பொதியையும் பிரிச்சுப்போட்டு, அக்கா வரமாட்டா எண்டு அண்டு முழுக்க அழுவன். அது உங்களுக்குத் தெரியுமோ? நீங்கள் இண்டைக்குத்தான் வந்தனீங்கள்.”

 கனகம்மா மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். இராசமலர் எழும்பி வந்து பிள்ளையை அவள் மடியில் வைத்தாள். கிள்ளினவளை அடையாளம் கண்டு அது இன்னும் கூட வீறிட்டது. இராசமலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“பிடியுங்கோ. பெரியம்மா ஆரெண்டு அவளுக்குத் தெரியட்டும். நான் போய் அந்த மதகடியில நிக்கிற மனுசனைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வாறன்.”